திருச்சிக்குக் குடிவருகிறோம், பிள்ளைகளை எங்கே சேர்ப்பது?

கேள்வி: நாங்கள் பத்து வருடத்துக்கும் மேலாகப் பெங்களூரில் இருக்கிறோம். கணவருக்கு வரும் ஏப்ரலில் திருச்சிக்கு மாற்றல். தனியார் நிறுவன வேலை. அவருக்குச் சொந்த ஊர் லால்குடி. மாமியார் ஸ்ரீரங்கத்தில் தனியாக இருக்கிறார். மகள் சி.பி.எஸ்.இ.யில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதப்போகிறாள். கணக்கு நன்றாக வரும். ஒரு நாள் இன்ஜினியரிங் என்கிறாள், இன்னொரு நாள் பி.காம்., சட்டம் என்கிறாள். மகன் ஐந்தாம் வகுப்பு முடிக்கிறான். தமிழ் பேசுவான், எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாது. பள்ளியில் இரண்டாம் மொழி கன்னடம். "பெங்களூர் அளவுக்குத் திருச்சியில் என்ன இருக்கப்போகிறது, பெண்ணை மட்டும் இங்கே பெரியம்மா வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள்" என்று உறவினர்கள் சொல்கிறார்கள். திருச்சியில் எது நல்ல பள்ளி? கல்லூரிக்கு மறுபடி வெளியூர்தான் அனுப்ப வேண்டியிருக்குமா? வீட்டை எந்தப் பக்கம் பார்ப்பது?
வாசகி, பெங்களூரு

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மகளை விட்டுவிட்டு வரும் யோசனையை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்றதெல்லாம் அதை ஒட்டித்தான் வருகிறது. அவளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். அந்த வயதில் பெண் அம்மா அப்பாவோடு இருப்பது நல்லது என்பதை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. உங்கள் உறவினர்கள் யோசித்திருக்க வாய்ப்பில்லாத இன்னொரு காரணமும் இருக்கிறது.

என்.ஐ.டி. எனப்படும் மத்திய அரசின் தேசியத் தொழில்நுட்பக் கழகங்களில் பாதி இடங்கள் அந்தந்த மாநில மாணவர்களுக்கு ஒதுக்கப்படுகின்றன. ஒரு மாணவி எந்த மாநிலத்தைச் சேர்ந்தவள் என்பதை, அவள் பன்னிரண்டாம் வகுப்பை எந்த மாநிலத்தில் முடித்தாள் என்பதை வைத்தே அதற்கான நுழைவுத்தேர்வான ஜே.இ.இ.யில் முடிவு செய்கிறார்கள். பிறந்த ஊரும் அப்பாவின் சொந்த ஊரும் அங்கே கணக்கில் வராது. பெங்களூரில் பன்னிரண்டு முடித்தால் அவள் கர்நாடக மாணவி. சூரத்கல் என்.ஐ.டி.யில் மாநில ஒதுக்கீடு கிடைக்கும். நீங்கள் குடியிருக்கப்போகும் ஊரின் துவாக்குடி என்.ஐ.டி.க்கு வெளிமாநிலத்தவள் ஆகிவிடுவாள். இங்கே வந்து 11, 12 படித்தால் தமிழ்நாட்டு மாணவியாகப் போட்டியிடலாம்.

அண்ணா பல்கலைக்கழகக் கல்லூரிகள் உட்பட மாநிலப் பொறியியல் கலந்தாய்வுக்கு நுழைவுத்தேர்வே கிடையாது. கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200க்குக் கட் ஆஃப் போட்டு இடம் தருகிறார்கள். கணக்கு நன்றாக வரும் பெண்ணுக்கு இது மிகவும் சாதகமான ஏற்பாடு. ஒன்றை மட்டும் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். 8 முதல் 12 வரை முழுவதும் தமிழ்நாட்டில் படித்தவர்களுக்கு இருப்பிடச் சான்று (நேட்டிவிட்டி சர்டிஃபிகேட்) தேவையில்லை. உங்கள் மகள் 8, 9, 10 வெளியே படித்தவள் என்பதால் அவளுக்கு அது கட்டாயம் வேண்டும். கணவர் லால்குடிக்காரர் என்பது இங்கேதான் உதவப்போகிறது. அவருடைய பள்ளி மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், லால்குடியில் படித்ததற்கும் வசித்ததற்குமான தாள்கள் எல்லாவற்றையும் மாமியார் வீட்டுப் பீரோவிலிருந்து தேடி எடுத்து வையுங்கள். பிள்ளைகள் பெயரில் தமிழ்நாட்டுச் சாதிச் சான்றிதழ் இல்லை என்றால் அதற்கும் சேர்த்தே இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடியும் மே மாதத்தில் தாலுகா ஆபீஸுக்கு அலையும் பெற்றோரை வருடா வருடம் பார்க்கிறேன். இரண்டு வருடம் முன்னதாகவே முடித்துவிடக்கூடிய வேலை அது.

பெங்களூரில் படித்த வருடங்கள் வீணாகிவிடுமோ என்று நினைக்க வேண்டாம். அந்த மாநிலத்தின் தொழிற்கல்வி நுழைவுத்தேர்வான கர்நாடக சி.இ.டி. விதியில் ஒரு பிரிவு இருக்கிறது. கர்நாடகத்தில் குறைந்தது 7 வருடம் படித்து, பத்தாம் வகுப்பையோ பன்னிரண்டாம் வகுப்பையோ அங்கே தேறியவர்கள் விண்ணப்பிக்கலாம். பத்தாம் வகுப்பை அங்கேயே முடித்துவிட்டு வருவதால் அந்தக் கதவும் மூடாது. அவள் ஒன்றாம் வகுப்பிலிருந்து அங்கே படித்ததற்கான சான்றைப் பள்ளியிலிருந்து கிளம்பும் முன்பே வாங்கிவிடுங்கள். ஆனால் இரண்டு மாநிலத்திலும் ஒரே சமயத்தில் உரிமை கோர விடாத படிப்புகளும் உண்டு, குறிப்பாக மருத்துவம். ஒருவேளை அவள் மனம் அந்தப் பக்கம் திரும்பினால், அந்த வருடத்துத் தகவல் கையேட்டை வரிவிடாமல் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

சரி, பதினொன்றுக்கு எந்தப் பள்ளி? பெயர் சொல்லி ஒரு பள்ளியைக் கைகாட்ட நான் விரும்பவில்லை. ஒரு பிள்ளைக்குப் பொருந்தியது இன்னொரு பிள்ளைக்குப் பொருந்தாமல் போவதை நிறையப் பார்த்தாயிற்று. எப்படிப் பார்ப்பது என்று சொல்கிறேன்.

பாடத்திட்டத்தை மாற்றுவதா, தொடர்வதா என்ற குழப்பம் உங்களுக்கும் வரும். பொறியியல் கலந்தாய்வில் மாநிலப் பாடத்திட்டத்துக்கும் சி.பி.எஸ்.இ.க்கும் மதிப்பெண்ணைச் சமப்படுத்தித்தான் வரிசைப்படுத்துகிறார்கள். அதனால் அதற்காக மாற வேண்டியதில்லை. ஜே.இ.இ., சட்டப் படிப்புக்கான கிளாட் நுழைவுத்தேர்வு என்று யோசிக்கிறாள் என்றால் பழகிய சி.பி.எஸ்.இ.யிலேயே தொடரட்டும் என்பது என் கருத்து. ஊரும் வீடும் தோழிகளும் மாறுகிற வருடத்தில் பாடப்புத்தகமாவது மாறாமல் இருக்கட்டும். மாநிலப் பாடத்திட்டத்துக்குத்தான் போகப்போகிறீர்கள் என்றால் சி.பி.எஸ்.இ.யிடமிருந்து இடப்பெயர்வுச் சான்றிதழ் வேண்டும். எதில் சேர்ந்தாலும் பதினொன்றில் சேரும் பள்ளியிலேயே பன்னிரண்டையும் முடிக்க வேண்டும். 11க்கும் 12க்கும் நடுவில் பள்ளி மாற்றுவது பெரும் சிக்கல்.

இன்ஜினியரிங்கா, காமர்ஸா என்று தெரியாத பெண்ணுக்குக் கணக்கு, இயற்பியல், வேதியியல், கணினி அறிவியல் குரூப்தான் வழிகளை அடைக்காமல் வைத்திருக்கும். அதிலிருந்து சட்டத்துக்குப் போகலாம், சி.ஏ. ஃபவுண்டேஷன் எழுதலாம், பி.காமுக்கும் விண்ணப்பிக்கலாம்; பி.காமில் வணிகவியல் படித்தவர்களுக்கு முன்னுரிமை தரும் கல்லூரிகள் உண்டு, அவ்வளவுதான். காமர்ஸ் எடுத்துவிட்டு இன்ஜினியரிங்குக்குத் திரும்ப முடியாது. ஆனால் இயற்பியல் புத்தகத்தைத் திறந்தாலே முகம் வாடும் பெண் என்றால் இந்தக் கணக்கையெல்லாம் மறந்துவிட்டு, தயங்காமல் வணிகக் கணிதம் உள்ள காமர்ஸ் குரூப்பில் சேருங்கள். அவளிடம் உட்கார்ந்து பேசினால் தெரிந்துவிடும்.

பள்ளியைப் பார்க்கப் போகும்போது சேர்மனின் அறையிலும் ரேங்க் எடுத்தவர்களின் ஃபிளெக்ஸ் போர்டிலும் நேரத்தைச் செலவிடாதீர்கள். பதினொன்றாம் வகுப்பில் இப்போது படிக்கும் ஒரு பிள்ளையின் இயற்பியல் நோட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அதில் பதினொன்றாம் வகுப்புப் பாடம் இருக்கிறதா, பன்னிரண்டாம் வகுப்புப் பாடம் இருக்கிறதா? பொதுத்தேர்வு மார்க்குக்காகப் பதினொன்றாம் பாடத்தை மேலோட்டமாகத் தள்ளிவிட்டு, வருட நடுவிலேயே பன்னிரண்டைத் தொடங்கிவிடும் பழக்கம் தமிழ்நாட்டுத் தனியார் பள்ளிகளில் பல காலமாக இருக்கிறது. ஜே.இ.இ.யில் பாதிக் கேள்வி பதினொன்றிலிருந்து வருகிறது. இன்ஜினியரிங் முதல் செமஸ்டரில் பிள்ளைகள் திணறுவதற்கும் இதுதான் காரணம். நோட்டைக் காட்ட மாட்டோம் என்று சொல்லும் பள்ளியைப் பற்றி உங்களுக்கு அதற்குமேல் எதுவும் தெரிய வேண்டியதில்லை.

அப்புறம் நேரம். கோச்சிங்கோடு சேர்த்து நடத்தும் பள்ளிகளில் காலை எத்தனை மணிக்கு வேன் வரும், சாயங்காலம் எத்தனை மணிக்குக் கொண்டுவந்து விடும், ஞாயிற்றுக்கிழமை வகுப்பு உண்டா என்று கேளுங்கள். கட்டணத்தை, கட்டண நிர்ணயக் குழு அந்தப் பள்ளிக்கு நிர்ணயித்த தொகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் தராதீர்கள். சி.பி.எஸ்.இ. பள்ளிகள் பொதுத்தேர்வு முடிவுக்குக் காத்திராமல், மாதிரித் தேர்வு மார்க்கை வைத்தே மார்ச், ஏப்ரலில் தற்காலிகமாக இடம் தந்துவிடுகின்றன. ஆகவே உங்களுக்கு அவசரம் இந்த ஒரு இடம்தான். தேர்வு நடக்கும்போது அவளை இழுத்துக்கொண்டு அலையாமல், கணவர் ஒரு வாரக்கடைசியில் வந்து மூன்று நான்கு பள்ளிகளைப் பார்த்துவிட்டுப் போகட்டும். கேந்திரிய வித்யாலயாக்கள் பொன்மலையிலும் வேறு இரண்டொரு இடத்திலும் இருக்கின்றன. தனியார் ஊழியரின் பிள்ளைகள் முன்னுரிமை வரிசையில் கடைசியில் வருவதால், அதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம்.

மகன் விஷயத்தில் உங்களுக்கு இருக்கும் கவலை, நீங்கள் எழுதியிருப்பதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே இருக்க வேண்டும். தமிழ் கற்றல் சட்டம் 2006இல் வந்தது. மாநிலப் பாடத்திட்டத்தில் தமிழ் கட்டாயம். சி.பி.எஸ்.இ. பள்ளிகளிலும் 2015-16இல் ஒன்றாம் வகுப்பில் தொடங்கி வருடத்துக்கு ஒரு வகுப்பாகத் தமிழ் ஏறிவந்திருக்கிறது. ஆறாம் வகுப்பில் அவனோடு உட்காரும் பிள்ளைகள் செய்யுளை மனப்பாடம் செய்துகொண்டிருப்பார்கள். இவன் "அ, ஆ" எழுதிக்கொண்டிருப்பான். பேசத் தெரிந்த மொழியிலேயே எழுத்துத் தெரியாமல் வகுப்பில் முழிப்பது பிள்ளைகளுக்கு ரொம்ப அவமானமாக இருக்கும். இந்தக் காரணத்தாலேயே பள்ளிக்குப் போக மாட்டேன் என்று அழுத பிள்ளைகள் உண்டு.

ஆனால் கன்னடம் எழுதப் படிக்கத் தெரிந்தவன் என்பது நல்ல செய்தி. மெய்யோடு உயிர் சேர்ந்து உயிர்மெய் ஆகும் என்பது அவன் மண்டையில் ஏற்கெனவே இருக்கிறது. அவன் தடுக்கப்போவது இரண்டு இடத்தில். கன்னடத்தில் உயிர்க்குறி எழுத்தின் மேலோ கீழோ வலது பக்கமோதான் ஒட்டும். தமிழில் கெ, கே, கை என்று கொம்பு எழுத்துக்கு முன்னால் வந்து நிற்கிறது. கொ, கோ என்ற எழுத்துகளில் குறி இரண்டு பக்கமும் நிற்கிறது. அவன் முதலில் கொம்பைத் தனி எழுத்தாக நினைத்துத் திணறுவான். அடுத்தது, கன்னடத்தில் ஒலிக்கு ஒலி எழுத்து வேறு. இங்கே கடல், தங்கம், அகல் மூன்றிலும் ஒரே க. "இது எந்த க?" என்று கேட்டுக்கொண்டே இருப்பான். திட்டாதீர்கள், அது புத்திசாலித்தனமான கேள்வி. சொல்லின் முதலில், மெல்லின எழுத்துக்குப் பின்னால், நடுவில் தனியாக என்று மூன்று இடத்தையும் காட்டி ஒரு வாரம் சத்தமாக வாசிக்க வைத்தால் பிடித்துக்கொள்வான். ஒன்றாம், இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகங்களைத் தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் இணையதளத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். பாட்டியிடம் சொல்லி, தினமும் சாயங்காலம் வீடியோ காலில் பத்து வரி வாசிக்கச் சொல்லுங்கள். இன்றைக்கே தொடங்கினால் ஜூனுக்குள் எழுத்துக்கூட்டிவிடுவான். பள்ளியில் சேர்க்கும்போதே தமிழாசிரியரைப் பார்த்து, வெளிமாநிலத்திலிருந்து வந்த பிள்ளை என்பதை எழுத்திலும் கொடுத்து, முதல் வருடத் தேர்வுகளில் என்ன சலுகை தர முடியும் என்று கேளுங்கள்.

அவன் ஆறாம் வகுப்பில் சேரப்போகிறான் என்பதில் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளில் 2021 முதலும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. அந்த ஒதுக்கீட்டில் தொழிற்கல்விக்குப் போகிறவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. ஆறாம் வகுப்புதான் அதற்கு வாசல். ஏழாம் வகுப்பில் நினைத்துக்கொண்டால் கிடைக்காது. ஒதுக்கீட்டுக்காக மட்டும் பிள்ளையைச் சேர்க்காதீர்கள். ஆனால் அரசுப் பள்ளி என்றாலே வேண்டாம் என்று ஒதுக்கிவிடவும் செய்யாதீர்கள். நீங்கள் குடியிருக்கப்போகும் பகுதியில் ஆங்கில வழி உள்ள ஒரு அரசு மேல்நிலைப் பள்ளிக்குப் போய்த் தலைமையாசிரியரைப் பாருங்கள். எத்தனை ஆசிரியர் பணியிடம் காலியாக இருக்கிறது, கழிப்பறை எப்படி இருக்கிறது என்று நேரில் பார்த்து முடிவு செய்யுங்கள்.

அரசு உதவி பெறும் பள்ளிகள் இந்த ஒதுக்கீட்டில் வராது. ஆனால் திருச்சியின் பழைய பலமே அவைதான். தெப்பக்குளத்தைச் சுற்றி செயின்ட் ஜோசப் கல்லூரி மேல்நிலைப் பள்ளி, பிஷப் ஹீபர் மேல்நிலைப் பள்ளி என்று தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் படித்து வெளிவந்த பெரிய பள்ளிகள் இருக்கின்றன. கன்டோன்மென்ட் பக்கம் கேம்பியன் ஆங்கிலோ இந்தியன் பள்ளி இருக்கிறது. விளையாட்டு மைதானம் என்று சொல்லத்தக்க மைதானம் உள்ள பள்ளிகள் இவை. பத்து வயதுப் பையனுக்கு அது சின்ன விஷயமில்லை. கல்வி உரிமைச் சட்டப்படி எட்டாம் வகுப்புவரை நுழைவுத்தேர்வோ நேர்காணலோ வைத்துப் பிள்ளைகளை வடிகட்டக் கூடாது. சிறுபான்மை நிறுவனங்களை அந்தச் சட்டத்திலிருந்து விலக்கியிருப்பதால், இந்தப் பழைய பள்ளிகள் பலவற்றில் அவர்கள் முறைப்படிதான் சேர்க்கை நடக்கும். விண்ணப்பத் தேதியை முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

கல்லூரிக்கு வெளியூர் போக வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தக் கேள்விக்குச் சந்தோஷமாகப் பதில் சொல்கிறேன், ஏனென்றால் மற்ற ஊர்க்காரர்கள் பிள்ளைகளை அனுப்பும் ஊர் இது. செயின்ட் ஜோசப் கல்லூரி 1844இல் நாகப்பட்டினத்தில் தொடங்கி 1883இல் இங்கே வந்தது. அப்துல் கலாம் இயற்பியல் படித்தது அங்கேதான். நேஷனல் கல்லூரி 1919இல் வந்தது, பெண்களுக்கான ஹோலி கிராஸ் 1923இல், ஜமால் முகமது 1951இல். புத்தூரில் பிஷப் ஹீபர். காஜாமலையில் பெரியார் ஈ.வெ.ரா. அரசுக் கல்லூரி, கட்டணம் மிகக் குறைவு, அரசுக் கல்லூரிகளுக்கான இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். துவாக்குடி என்.ஐ.டி. 1964இல் மண்டலப் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கியது. மதுரை சாலையில் சேதுராப்பட்டியில் ஐ.ஐ.ஐ.டி. என்னும் தகவல் தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது. புதுக்கோட்டை சாலையில் மேலாண்மைப் படிப்புக்கான ஐ.ஐ.எம். 2011இல் வந்தது, அது பட்டப்படிப்புக்குப் பிறகான பேச்சு. அரசு மருத்துவக் கல்லூரியும் உண்டு. திண்டுக்கல் சாலையில் நாவலூர் குட்டப்பட்டில் தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் இருக்கிறது. மகள் சட்டம் என்று சொல்லும் நாட்களில் ஒன்றில் அங்கே அழைத்துப் போய்க் காட்டுங்கள். கிளாட் தேர்வு எழுதித்தான் சேர வேண்டும்.

பழைய கலைக் கல்லூரிகளில் சேர்க்கும்போது ஒரு கேள்வியை மறக்காமல் கேளுங்கள்: இந்தப் படிப்பு அரசு உதவி பெறும் பிரிவா, சுயநிதிப் பிரிவா? ஒரே கல்லூரியில், ஒரே பி.காம். ஷிஃப்ட் 1இல் அரசு உதவியோடும் ஷிஃப்ட் 2இல் சுயநிதியிலும் நடக்கும். பட்டம் ஒன்றுதான். கட்டணம் வேறு, ஆசிரியர் நியமனம் வேறு, வகுப்பு நேரமும் வேறு. கல்லூரியின் பெயரைக் கேட்டே மயங்கி, எந்தப் பிரிவு என்று கேட்காமல் பணத்தைக் கட்டிவிடுகிறார்கள்.

இனி வீடு. மாமியார் தனியாக இருக்கிறார் என்பதால் ஸ்ரீரங்கம் என்று மனம் சாய்வது இயல்பு. ஆனால் ஸ்ரீரங்கம் தீவு. காவிரிக்குத் தென்கரையில் உள்ள பள்ளி என்றால் தினமும் காலையில் பாலத்தைக் கடந்து, சிந்தாமணி, சத்திரம் பஸ் ஸ்டாண்ட் நெரிசலைத் தாண்டித்தான் வேன் போகும். 2022 செப்டம்பரில் பராமரிப்புக்காகக் காவிரிப் பாலத்தை மூடியபோது மாதக்கணக்கில் பிள்ளைகள் சுற்றிக்கொண்டு போனார்கள். உதவி பெறும் பழைய பள்ளிகள் ஊருக்கு நடுவே இருக்கின்றன, சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் பல, ஊருக்கு வெளியே நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கின்றன. தில்லை நகர், புத்தூர், உறையூர், கன்டோன்மென்ட் எல்லாம் நடுவில் இருப்பதால் எந்தப் பக்கமும் போய்வரலாம், வாடகையும் அதற்கேற்றபடி இருக்கும். கே.கே. நகர் கொஞ்சம் அமைதி. என்.ஐ.டி., பி.எச்.இ.எல். பக்கம் என்றால் திருவெறும்பூர், காட்டூர். தஞ்சாவூர் சாலைப் போக்குவரத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மகளின் பள்ளி முடிவாகாமல் எந்த வீட்டுக்கும் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். ஏப்ரலில் வந்ததும் முதல் ஒன்றிரண்டு மாதம் மாமியார் வீட்டிலேயே தங்குங்கள். மகனுக்குப் பாட்டியிடம் நேரிலேயே தமிழ் வாசிக்கக் கிடைக்கும். மகள் எத்தனை மணிக்குக் கிளம்பி எத்தனை மணிக்குத் திரும்புகிறாள் என்று உங்களுக்கும் தெரிந்துவிடும். பாலத்தைக் கடப்பது பெரிய சிரமமாக இல்லை என்றால் அங்கேயே இருந்துவிடுங்கள். சிரமம் என்றால் மாமியாரையும் அழைத்துக்கொண்டு தென்கரைக்கு வாருங்கள். தூரத்தை யாராவது சுமந்துதான் ஆக வேண்டும் என்றால் அது கணவராக இருக்கட்டும். பதினொன்றாம் வகுப்புப் பிள்ளையின் ஒரு மணி நேரத் தூக்கத்தை வேனில் கழிக்க விடாதீர்கள்.

பெங்களூரிலிருந்து கிளம்பும் முன் இரண்டு பிள்ளைகளுக்கும் மாற்றுச் சான்றிதழ், கடைசி இரண்டு வருட மதிப்பெண் பட்டியல், ஆதார், மகனுடைய மாணவர் அடையாள எண் இவற்றை வாங்கிவிடுங்கள். மாற்றுச் சான்றிதழில் கல்வி அதிகாரியின் மேலொப்பம் வேண்டுமா என்று இங்கே சேர்க்கப்போகும் பள்ளியில் முன்பே கேட்டுவிடுங்கள். வேண்டும் என்றால் அங்கே இருக்கும்போதே வாங்குவது எளிது. மகனுக்கு மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமானாலும் அதைக் காரணம் காட்டி அரசுப் பள்ளியிலோ உதவி பெறும் பள்ளியிலோ சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. மகளுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அவளுடைய தாள்களை முதலில் வாங்குங்கள்.